மரக்கட்டையால் எந்திரத்தை எடை போட்டவர்!
தளபதி அழைத்தும் போருக்குப் போகாத பிரெஞ்சு பொறியாளர் பிரோனியின் கதை

கிணற்றடியில் ஓடும் எண்ணெய் எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். அதன் உடம்பில் ஒரு சிறிய தகடு பதித்திருக்கும். 5 குதிரை சக்தி என்றோ, 8 குதிரை சக்தி என்றோ அதில் எழுதியிருக்கும்.

அந்த எண்ணை நம்பித்தான் விவசாயி பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். எண் பொய்யானால் தண்ணீர் மேலே வராது. பயிர் வாடிவிடும்.

அரிசியைப் படியால் அளக்கலாம். துணியை முழம் போடலாம். தங்கத்தைத் தராசில் நிறுக்கலாம். சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு சக்கரத்தின் வலுவை எதில் வைத்து நிறுப்பது?

200 ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு ஒருவர் விடை கண்டார். அதற்கு அவர் பெரிய கருவி எதையும் செய்யவில்லை. இரண்டு மரக்கட்டை, சில திருகு ஆணிகள், ஒரு நீளமான கழி, கொஞ்சம் எடைக்கல். அவ்வளவுதான்!

அவர் பெயர் காஸ்பார் தெ பிரோனி. பிரான்சு நாட்டுப் பொறியாளர்.

சட்டக் குடும்பத்துப் பிள்ளை

பிரான்சில் லியோன் நகருக்கு அருகே சாம்லே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1755-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி பிரோனி அங்கே பிறந்தார். சட்டம் படித்தவர்கள் நிறைந்த குடும்பம்.

பிரோனியின் மனமோ கணக்கில் லயித்தது. 1776-ம் ஆண்டு பாரிஸ் நகருக்குப் போனார். பாலங்களும் சாலைகளும் கட்டக் கற்றுத்தரும் அரசுப் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 21.

அந்தப் பள்ளியின் தலைவர் பெரோனே. பிரான்சின் மிகப் பெரிய பாலக் கலைஞர். மாணவனின் திறமையை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். பாரிஸ் நகரின் நடுவே சீன் நதியின் குறுக்கே ஒரு கல் பாலம் கட்டும் வேலை அவரிடம் வந்தபோது, பிரோனியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

1787-ல் வேலை தொடங்கியது. பாதி வேலை நடக்கும்போதே நாட்டில் புரட்சி வெடித்தது. 1789-ல் மக்கள் பாஸ்டில் சிறைக் கோட்டையைத் தகர்த்தார்கள். அந்தக் கோட்டையின் கற்கள் இந்தப் பாலத்துக்கு வந்து சேர்ந்தன. சிறையாக இருந்த கல், மக்கள் நடக்கும் பாலமாயிற்று! 1791-ல் வேலை முடிந்தது. கான்கார்டு பாலம் என்ற பெயரோடு இன்றும் அது நிற்கிறது.

கணக்குப் போட்ட தொழிற்சாலை

புரட்சி அரசாங்கம் நாடு முழுவதும் நிலத்தை அளக்க விரும்பியது. வரி நியாயமாக இருக்க வேண்டும் என்றால் நிலத்தின் அளவு சரியாகத் தெரியவேண்டும் அல்லவா? அந்த அலுவலகத்துக்குப் பிரோனி தலைவரானார்.

புதிய அளவு முறைக்குப் புதிய கணக்கு அட்டவணைகள் தேவைப்பட்டன. 1 முதல் 2 லட்சம் வரை ஒவ்வொரு எண்ணுக்கும் மடக்கை கணித்து எழுதவேண்டும். ஒரு மனிதன் உட்கார்ந்தால் அவன் ஆயுளே போதாது.

பிரோனி யோசித்தார். ஆடம் ஸ்மித் என்ற அறிஞர் எழுதிய பொருளாதார நூல் அவர் நினைவுக்கு வந்தது. ஒரு குண்டூசி செய்யும் வேலையைக்கூடப் பலர் பங்குபோட்டுக்கொண்டால் ஆயிரக்கணக்கில் செய்யலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது. ஊசி செய்வதுபோல் கணக்கையும் செய்தால் என்ன?

வேலையை மூன்றாகப் பிரித்தார். பெரிய கணித மேதைகள் சிலர் வழியை வகுத்துக் கொடுத்தார்கள். கணக்கு தெரிந்த ஏழெட்டுப் பேர் அதை எளிய படிகளாக மாற்றினார்கள். கடைசி வரிசையில் அறுபது எழுபது பேர் உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும்.

அந்தக் கடைசி வரிசையில் சிகையலங்காரத் தொழிலாளர்கள் பலர் இருந்தார்கள் என்று சொல்வார்கள். பிரபுக்களுக்குப் பொய்முடி அலங்காரம் செய்து பிழைத்தவர்கள் அவர்கள். புரட்சியில் பிரபுக்களும் போனார்கள், பொய்முடியும் போயிற்று. சீப்பைப் பிடித்த கைகள் பேனாவைப் பிடித்தன.

பெரிய பெரிய ஏடுகளாக அட்டவணைகள் எழுதி முடிக்கப்பட்டன. தவறு வராமல் இருக்க எல்லாவற்றையும் இரண்டு தடவை தனித்தனியாகக் கணக்கிட்டார்கள்.

ஆனால் அவற்றை அச்சுப்போடப் பணம் இல்லை. காகித நோட்டின் மதிப்பு பாதாளத்துக்குப் போய்விட்ட காலம் அது. பிரோனி உயிரோடு இருந்தவரை அந்த அட்டவணைகள் முழுதாக அச்சேறவில்லை. அவர் இறந்து 52 ஆண்டுகள் கழித்து, 1891-ல், ஒரு சுருக்கப் பதிப்பு மட்டும் வெளிவந்தது.

ஆனாலும் உழைப்பு வீண்போகவில்லை. சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கிலேயர் இந்த முறையைப் பார்த்து வியந்தார். கூட்டலும் கழித்தலும் மட்டும் தெரிந்த மனிதர்கள் செய்யும் வேலையை ஒரு எந்திரத்தாலும் செய்ய முடியுமே என்று அவர் எண்ணினார். கம்ப்யூட்டரின் முன்னோடியான கணக்கு எந்திரத்தை அவர் திட்டமிட்டதற்கு இதுவும் ஒரு தூண்டுதல்.

நெப்போலியனுக்கு மறுப்பு

1794-ல் பாரிசில் புதிய பொறியியல் பள்ளி தொடங்கியது. அதில் பிரோனி ஆசிரியரானார். 1798-ல் தாம் படித்த பாலப் பள்ளிக்கே தலைவரானார்.

அதே ஆண்டு நெப்போலியன் எகிப்து மீது படையெடுத்துப் போனார். படையோடு அறிஞர்களையும் கூட்டிச் சென்றார். பிரோனிக்கும் அழைப்பு வந்தது. பிரோனி போக மறுத்துவிட்டார்!

அந்த நாளில் அது சாதாரணக் காரியம் அல்ல. நெப்போலியனுக்கு மனக்கசப்பு ஏற்பட்டது. என்றாலும் பிரோனியின் திறமை தேவைப்பட்டது. பின்னர் அவரை இத்தாலிக்கு அனுப்பி, போ நதியின் வெள்ளத்தை ஆராயவும், ரோம் நகருக்குத் தெற்கே உள்ள சதுப்பு நிலத்தை வடிகட்டும் வழியைச் சொல்லவும் வைத்தார்கள்.

மன்னர் ஆட்சி போயிற்று. புரட்சி வந்தது. நெப்போலியன் வந்தார், போனார். மீண்டும் மன்னர்கள் வந்தார்கள். பிரோனி மட்டும் பாலப் பள்ளியின் நாற்காலியில் 41 ஆண்டுகள் இருந்தார்.

குதிரை எப்படி வந்தது?

இப்போது எந்திரத்துக்கு வருவோம்.

நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்தியவர் ஜேம்ஸ் வாட். அதற்கு முன்பு ஆலைகளில் குதிரைகள்தான் செக்கு மாடுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. எந்திரம் வாங்க வந்த ஆலைக்காரர்கள், இது எத்தனை குதிரைக்குச் சமம் என்று தெரிந்துகொள்ள விரும்பினார்கள்.

வாட் ஒரு கணக்குப் போட்டார். ஒரு குதிரை ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயரம் தூக்கும் என்று முடிவு கட்டினார். குதிரை சக்தி என்ற அளவு அப்படித்தான் பிறந்தது.

கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் எந்திரமானால் கணக்கு சுலபம். எவ்வளவு நீர், எவ்வளவு உயரம் என்று பார்த்தால் போதும். ஆனால் நூல் நூற்கும் எந்திரத்தை எப்படி அளப்பது? மாவு அரைக்கும் எந்திரத்தை எப்படி அளப்பது?

நீராவி உள்ளே எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்க ஒரு கருவி இருந்தது. ஆனால் உள்ளே பிறக்கும் வலு எல்லாம் வெளியே வருவதில்லை. உராய்விலேயே ஒரு பங்கு தொலைந்துவிடும். சம்பளம் எவ்வளவு என்பது வேறு. வீட்டுக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பது வேறு அல்லவா?

விற்பவர் ஒரு எண் சொல்வார். வாங்குபவர் நம்பமாட்டார். இருவருக்கும் பொதுவான தராசு இல்லை.

இரண்டு கட்டையும் ஒரு கழியும்

வாட் 1819-ல் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1821-ல், பிரோனி அந்தத் தராசைக் கண்டுபிடித்தார். அப்போது அவர் 66 வயதை எட்டிய முதியவர்.

எந்திரத்தின் சுழலும் தண்டின் மேலே ஒரு கட்டை, கீழே ஒரு கட்டை. இரண்டையும் திருகு ஆணியால் இறுக்கினார். கட்டையோடு ஒரு நீளக் கழி. கழியின் நுனியில் எடைக்கல் தொங்கும் தட்டு.

தண்டு சுழலும்போது கட்டையையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். நுனியில் தொங்கும் எடை அதைத் தடுக்கும். ஆணியை இறுக்க இறுக்க எந்திரத்துக்குப் பாரம் கூடும். கழி மேலும் போகாமல் கீழும் வராமல் படுக்கையாக நிற்கும்படி எடையைச் சரிசெய்ய வேண்டும். அந்த நேரத்தில் எந்திரத்தின் வலு முழுவதும் அந்தத் தட்டில் வந்து உட்கார்ந்துவிடுகிறது!

கணக்கையும் பார்த்துவிடுவோம். கழியின் நீளம் 1 மீட்டர். தட்டில் 10 கிலோ. தண்டு நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றுகிறது.

1 மீட்டர் ஆரம் உள்ள ஒரு பெரிய உருளையைக் கிணற்றின் மேல் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 கிலோ வாளி தொங்குகிறது. உருளை ஒரு சுற்று சுற்றினால் வாளி 6.28 மீட்டர் மேலே வரும். 300 சுற்றுக்குச் சுமார் 1,885 மீட்டர். அதை 10 கிலோவால் பெருக்கினால் 18,850. ஐரோப்பிய மீட்டர் கணக்கில் ஒரு குதிரை சக்திக்கு நிமிடத்துக்கு 4,500. வகுத்துப் பாருங்கள். 4 குதிரை சக்திக்குச் சற்று அதிகமாக வருகிறது.

கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு இது. சிகையலங்காரத் தொழிலாளிக்கும் மடக்கைக் கணக்கை எளிதாக்கிக் கொடுத்த மனிதர் அல்லவா!

கட்டையில் புகைந்த நெருப்பு

எளிய கருவிதான். ஆனால் ஆபத்தும் அதோடு கூடவே இருந்தது.

எந்திரத்தின் வலு எங்கே போகிறது? அத்தனையும் உராய்வில் சூடாக மாறுகிறது. 4 குதிரை சக்தி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3 யூனிட் மின்சாரம் எரிக்கும் அடுப்பின் சூடு. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரை இரண்டு நிமிடத்துக்குள் கொதிக்க வைத்துவிடும். அவ்வளவு சூடும் இரண்டு மரக்கட்டைக்கு நடுவே பிறந்தால் கட்டை புகையாமல் என்ன செய்யும்?

அதனால் கொழுப்புத் தடவினார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். பிற்காலத்தில் இரும்பு உருளையின் உட்புறம் தண்ணீர் நிற்கும்படி செய்தார்கள்.

இன்னொரு ஆபத்து, கட்டை திடீரென்று பிடித்துக்கொள்வது. அப்போது கழியும் தண்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். நாம் போட்ட கணக்கிலேயே, கழியின் நுனி மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். எதிரே நிற்பவர் கதி என்ன? ஆகவே கழி ஒரு சிறு எல்லைக்கு மேல் அசையாமல் இருக்க, மேலும் கீழும் பலமான தடைகளை நட்டு வைத்தார்கள். பிறகு எடையைத் தொங்கவிடுவதற்குப் பதில், கழியின் நுனி ஒரு தராசின் மேல் அழுத்தி நிற்கும்படி மாற்றினார்கள்.

கப்பல்களுக்குப் பெரிய பெரிய எந்திரங்கள் வந்தபோது மரக்கட்டை தாங்கவில்லை. வில்லியம் புரூட் என்ற ஆங்கிலேயர் 1877-ல் தண்ணீரையே தடையாக வைத்து அளக்கும் கருவியை வெளியிட்டார். அதிலே கட்டை இல்லை. தீப்பிடிக்கும் பயம் இல்லை. சூட்டைத் தண்ணீரே வாங்கிக்கொண்டு வெளியேறியது.

வீட்டுப் பட்டறையில் செய்யலாமா?

டைனமோமீட்டர் என்று இன்று சொல்லும் கருவிகளுக்கெல்லாம் பிரோனியின் கட்டைதான் பாட்டன். பெரிய தொழிற்சாலைகளில் இதற்காகப் பல லட்சம் ரூபாய்க் கருவிகள் இருக்கின்றன. ஆனால் பழைய கார் பிரேக்கையும் ஒரு தராசையும் வைத்துக் குறைந்த செலவில் செய்துவிடலாம் என்று முயலும் இளைஞர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

ஆர்வம் நல்லதுதான். ஆனால் பிரோனியின் காலத்து நீராவி எந்திரம் மெதுவாகச் சுற்றியது. இன்றைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது. வித்தியாசம் அங்கேதான்.

வேகம் இரண்டு மடங்கானால், சக்கரத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும். வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. சோதனை நடுவே கட்டை உடைந்தாலோ, இணைப்பு அறுந்தாலோ பாரம் ஒரு நொடியில் இல்லாமல் போய்விடும். எஞ்சின் தறிகெட்டு ஓடும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய சக்கரமாக இருந்தால் வெடித்துச் சிதறும். அந்தத் துண்டுகள் சுவரையும் துளைக்கும்.

ஆகவே சுற்றும் பாகங்களுக்குக் கனமான இரும்பு மூடி வேண்டும். சக்கரம் சுற்றும் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது. கட்டையைச் சிறிது சிறிதாகத்தான் இறுக்க வேண்டும். எண்ணெயை உடனே நிறுத்த ஒரு கை எப்போதும் தயாராக இருக்கவேண்டும். காய்ந்து பழுக்கக் காய்ச்சியதுபோல் ஆகிவிட்ட உருளையில் திடீரென்று குளிர்ந்த நீரைக் கொட்டக்கூடாது. உருளை விரிசல் விடும்.

தோளில் துண்டோடும், தொங்கும் வேட்டியோடும் பக்கத்தில் போகக்கூடாது. பெண்கள் முந்தானையையும் கூந்தலையும் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது.

கண்ணுக்குத் தெரியாத எமன் ஒன்றும் உண்டு. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கதவை மூடிய அறையில் எஞ்சினை ஓடவிட்டால் தலை சுற்றும், மயக்கம் வரும், உயிரே போகும். திறந்த வெளியில் வைத்து ஓட்டுவதுதான் நல்லது.

இத்தனையும் தெரிந்த ஆசிரியரோ, அனுபவப்பட்ட மெக்கானிக்கோ பக்கத்தில் இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்குவது கூடாது. நமது பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் மாணவர்கள் எஞ்சினின் உருளையில் கயிற்றைச் சுற்றி, எடை போட்டு, உள்ளே தண்ணீர் விட்டு அளக்கிறார்களே, அது பிரோனி காட்டிய வழிதான். ஆசைப்படும் இளைஞர்கள் அங்கே போய்க் கற்கலாம்.

தகட்டில் ஒரு பெயர்

பிரோனிக்கு 1828-ல் பிரபு பட்டம் கிடைத்தது. 1835-ல் பிரான்சின் மேல்சபையில் இடம் கிடைத்தது. 1839-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி அவர் காலமானார். 84 வயது நிறைந்து சரியாக ஒரு வாரம்!

1889-ல் பாரிசில் ஈபெல் கோபுரம் எழுந்தது. பிரான்சுக்குப் பெருமை சேர்த்த 72 அறிஞர்களின் பெயரை அதில் பொறித்தார்கள். பிரோனியின் பெயரும் அங்கே இருக்கிறது.

ஆனால் அந்தக் கோபுரத்தைப் பார்க்க நாம் பாரிசுக்குப் போகவேண்டியதில்லை. அடுத்த தடவை எஞ்சின் தகட்டையோ, டிராக்டர் விளம்பரத்தையோ பார்க்கும்போது கவனியுங்கள். பி.எச்.பி. என்று போட்டிருப்பார்கள். பிரேக் குதிரை சக்தி என்பதன் சுருக்கம் அது.

அந்தக் குதிரை ஜேம்ஸ் வாட்டுடையது. அந்தப் பிரேக் பிரோனியுடையது.

பல ஆண்டுகள் பலரை வைத்து எழுதிய பெரிய ஏடுகள் பாரிசில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைத் திறந்து பார்ப்பவர்கள் சிலரே. முதுமையில் அவர் செய்த இரண்டு மரக்கட்டையோ உலகம் முழுவதும் வேலை செய்கிறது. விற்பவரின் வாயை நம்பாமல், எடைக்கல்லை நம்பி எந்திரம் வாங்கும் உரிமையை அது ஏழை விவசாயிக்கும் கொடுத்தது.